அச்சப் படக்கதைகளில் இறுதிக் கட்டம்

ஒரு கதையின் முடிவு அக்கதையின் உறுப்புக்களுள் ஒன்றா, அன்றி அக்கதை முழுமைக்கும் பொருள் வழங்கும் உயிர்நிலையா என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வினா. பெருங்காப்பியங்களையும் நாடகங்களையும் கொண்டே இவ்வினாவை ஆராய்தல் மரபு. ஆயின், இலக்கியம் என்னும் பெயரைப் பெறாமலும், பத்து செண்டு விலைக்கு விற்கப்பெற்றும், படித்தபின் எறியப்பெற்றும் மறைந்த ஒருவகைக் கதைகள் இவ்வினாவிற்குத் தெளிவானதொரு விடையைத் தருகின்றன. 1950 முதல் 1955 வரை நியூயார்க்கிலிருந்து ஈ.சி. என்னும் நிறுவனம் வெளியிட்ட அச்சப் படக்கதைகளும் அவற்றொடு ஒருங்கு வெளிவந்த குற்றக்கதைகளும் அறிவியற் கற்பனைக்கதைகளுமே அவை.

இக்கதைகள் யாவற்றிற்கும் பொதுவாகிய இயல்பு ஒன்று உண்டு. கதை செல்லும் திசையை இறுதிக் கட்டம் திடீரென மாற்றிவிடும். ‘கட்டம்’ என ஈண்டுக் குறிக்கப்பெறுவது படக்கதையில் கோடிட்டுப் பிரிக்கப்பெற்ற ஒவ்வொரு சிறு படத்தையுமாம். இத்தகைய முடிவு வெறும் கைவித்தை என்று இகழ்ந்தாரும் உளர். கலைத்திறன் என்று புகழ்ந்தாரும் உளர். 1954-இல் இக்கதைகள் அமெரிக்க மேலவைக் குழுவொன்றின்முன் நிறுத்தப்பெற்றன. ஆங்கு ஒரு கதை அதன் முடிவு நீங்கலாகச் சான்று காட்டப்பெற்றது. முடிவு நீக்கிப் படித்தால் அஃது இனப்பகையை வளர்க்கும் கதை. முடிவொடு படித்தால் இனப்பகையைக் கடியும் கதை. ஆதலின் முடிவு பற்றிய ஆராய்ச்சி சுவை பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. நூலை எங்ஙனம் படித்துத் தீர்ப்பளிப்பது என்னும் நடுவுநிலை பற்றிய ஆராய்ச்சியும் ஆகும்.

கதைகளின் தோற்றமும் ஆக்கமுறையும்

மாக்ஸ் கெயின்ஸ் என்பார் 1944-இல் தொடங்கிய இந்நிறுவனம் முதற்கண் விவிலியம், வரலாறு முதலியவற்றைப் படங்களால் விளக்கும் இதழ்களை வெளியிட்டது. ஈ.சி. என்னும் எழுத்துக்கள் அன்று கல்விப் படக்கதை என்னும் பொருளைத் தந்தன. 1947-இல் அவர் படகு விபத்தில் இறந்தபின் மகன் வில்லியம் கெயின்ஸ் பொறுப்பேற்றார். நாளடைவில் அவ்வெழுத்துக்களுக்குக் களிப்பூட்டும் படக்கதை என்று பொருள் கூறப்பெற்றது. எழுத்து மாறாமல் பொருள் மட்டும் மாறிய இந்நிகழ்ச்சி நிறுவனத்தின் வரலாற்றையே சுருங்கக் கூறுவதாகும்.

1948-இல் ஆல் பெல்ட்ஸ்டீன் என்னும் ஓவியர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1950-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’, ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்’ என்னும் மூன்று அச்ச இதழ்கள் உருப்பெற்றன. அவ்வாண்டிலேயே ‘வியர்டு ஃபேன்டசி’ முதலிய அறிவியற் கற்பனை இதழ்களும், ‘கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ என்னும் குற்றக்கதை இதழும், 1952-இல் ‘ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்’ என்னும் இதழும் வெளிவந்தன. அச்ச இதழ்களில் கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழச் சூனியக்காரி என மூவர் கதைசொல்லிகளாக வருவர். கதையின் தொடக்கத்தில் படிப்போரை வரவேற்றலும், முடிவில் சிலேடை மொழிந்து வழியனுப்புதலும் அவர்தம் தொழில்.

இக்கதைகள் ஆக்கப்பெற்ற முறை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கெயின்ஸ் இரவில் பல சிறுகதைகளைப் படித்துக் கதைக்கருக்களைக் குறித்துக்கொண்டு வருவார். காலையில் இருவரும் கூடி ஒரு கருவைத் தேர்ந்து விரிப்பர். அதன்பின் பெல்ட்ஸ்டீன் ஓவியப் பலகைத் தாளின்மீதே கட்டங்களை வகுத்து உரையை எழுதிவிடுவார். அவ்வுரை எழுத்துக்கருவியால் ஒழுங்குற எழுதப்பெற்ற பின்னரே தாள் ஓவியர் கைக்குச் செல்லும். ஓவியர் வரையத் தொடங்குமுன்னரே கட்டங்களின் அளவும் தொகையும் சொற்களும் முடிந்திருக்கும். ஆறு முதல் எட்டுப் பக்கங்களுக்குள் கதை முடிதல் வேண்டும். இவ்வாறு எல்லை முன்னரே வரையறுக்கப்பெற்ற ஆக்கத்தில், எல்லாக் கட்டங்களும் இறுதிக் கட்டத்தை நோக்கி நிறுத்தப்பெறுதல் இயல்பேயாம்.

கருக்களைப் பிறர் கதைகளினின்று எடுத்துக்கொண்டமை மறைக்கற்பாலதன்று. 1952-இல் ரே பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளை இணைத்து, அவர் பெயர் சுட்டாது ஒரு படக்கதை வெளியிடப்பெற்றது. பிராட்பரி சினந்து வழக்குத் தொடுத்தாரல்லர். தமக்குரிய தொகையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்று இனிய மொழியில் மடல் எழுதினார். தொகையும் சென்றது, அதன்பின் அவர்தம் இசைவுடனும் பெயருடனும் பல கதைகள் படக்கதைகளாயின. இவ்வரலாறு அந்நிறுவனத்தாரின் விரைவையும் நாணமின்மையையும் ஒருங்கே காட்டும். நல்ல கதையை இனங்காணும் திறனையும் காட்டும்.

முன்னோர் நெறியும் படக்கதையின் இடர்ப்பாடும்

எதிர்பாரா முடிவு இவர்கள் கண்டுபிடித்ததன்று. நிலைமாற்றம், அறிந்துகொள்ளல் என்னும் இரண்டையும் துன்பியல் நாடகத்தின் தலையாய கூறுகளாக அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் வகுத்துரைத்தார். இரண்டும் ஒருங்கே நிகழ்வது சிறந்தது என்றும் கூறினார். மாப்பசானின் ‘வைரமாலை’ (1884), ஆம்புரோஸ் பியர்ஸ் எழுதிய ஆந்தை ஓடைப் பாலத்துக் கதை (1890), ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ (1902), ஓ. ஹென்றியின் சிறுகதைகள் ஆகியவை இந்நெறியை உரைநடையில் நிலைநாட்டின.

உரைநடையில் உண்மையை மறைத்தல் எளிது. கூறாமல் விடுதலே மறைத்தலாகும். ஒருவன் முகத்தின் நிறத்தை ஆசிரியர் கூறாவிடின் படிப்போர் அதனை அறியார். கூறப்பெறவில்லை என்பதையும் உணரார். படக்கதையில் அவ்வாறன்று. மாந்தர் கட்டந்தோறும் கண்முன் நிற்பர். முகம் வரையப்பெறல் வேண்டும். வரையாது விடின் அவ்விடம் வெற்றிடமாய் நின்று ‘ஈண்டு ஏதோ மறைக்கப்பெறுகிறது’ என்று பறைசாற்றும். மேலும், உரைநடை படிப்பவர் சொல்லின்பின் சொல்லாகச் செல்ல, படக்கதை படிப்பவரின் கண்ணோ பக்கம் முழுவதையும் ஒரே நோக்கில் கவரும். ஆதலின் படக்கதையாசிரியர் மறைப்பதற்குரிய திரையைக் கதையுலகிற்குள்ளேயே தேடிக்கொள்ளல் வேண்டியவராகிறார்.

இவ்விடர்ப்பாட்டை வென்ற முறைகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். 1951-இல் வெளிவந்த ‘ரிஃப்ளெக்ஷன் ஆஃப் டெத்’ (சாவின் நிழலுரு) என்னும் கதையில், கார் விபத்துக்குள்ளான ஒருவன் எழுந்து நடக்கிறான்; கண்டவரெல்லாம் அலறி ஓடுகின்றனர். கதை அவனை ‘நீ’ என்று முன்னிலையில் விளிக்கின்றது. படங்களோ அவன் கண்கொண்டே உலகைக் காட்டுகின்றன. தன் முகத்தைத் தான் காணல் ஒருவர்க்கும் இயலாதாதலின், கண்ணாடி எதிர்ப்படுங்காறும் படிப்போரும் அம்முகத்தைக் காணார். பின்னர் நாம் காணவிருக்கும் கதைகளில், விண்வெளிப் பயணியின் தலைக்கவசம் ஒன்றிலும், இருளும் மூடுதுணியும் மற்றொன்றிலும் திரைகளாகின்றன. எல்லாவற்றினும் மறைக்கப்பெறுவது ஒன்றே. அஃது ஒருவர் ‘யார்’ என்பது. இக்கதைகளின் இறுதிக் கட்டம் பெரும்பாலும் ஒரு முகத்தைத் திறந்துகாட்டும் கட்டமே. தாழ்ந்த கதைகளில் திரை வெறும் திரையாக நிற்க, சிறந்த கதைகளில் அத்திரையே பொருள் பொதிந்ததாகின்றது.

ஒறுக்கும் முடிவு

இக்கதைகளின் முடிவுகளை இருவகைப்படுத்தலாம். தீயவனைத் தண்டிப்பதனோடு அமையும் முடிவை ‘ஒறுக்கும் முடிவு’ என்றும், படிப்போர்க்கு ஓர் உண்மையை அறிவிக்கும் முடிவை ‘உணர்த்தும் முடிவு’ என்றும் ஈண்டு வழங்குவோம். எண்ணிக்கையிற் பெரும்பாலன முதல்வகையைச் சார்ந்தவை.

ஒறுக்கும் கதையின் அமைப்பு எளியது. ஒருவன் கொலை செய்வான். சட்டம் அவனைத் தீண்டாது. கொலையுண்டவன் அழுகிய உடலொடு புதைகுழியினின்று எழுந்து வந்து பழிதீர்ப்பான். எவ்வாறு கொன்றானோ அவ்வாறே அவனும் சாவான். தொல்காப்பியம் அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுதல் தமிழறிஞர் அறிந்ததே. இக்கதைகளைப் புறத்தே நோக்குவார் பிணமும் பேயும் நிறைந்திருத்தலால் அச்சம் அணங்கின்பாற் பட்டது என்பர். அகத்தே நோக்கின் அவ்வாறன்று. பிணம் குற்றமில்லாதவனைத் தேடி வருதல் அரிது. தவறு செய்தவனையே அது நாடி வருகின்றது. ஆதலின் தவறிழைத்தவன் தன்னை ஒறுக்கவல்ல தலைவனுக்கு அஞ்சும் நான்காம் வகை அச்சமே இவற்றின் உயிர்நாடி. அரசும் அறமன்றும் செயலற்ற இடத்தில், செத்தவனே இறையாகி வருகின்றான் எனலாம். அணங்கு வேடம், இறைமை பொருள்.

இவ்வகையில் மிகச் செப்பமுற அமைந்தது 1954-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’ 35-ஆம் இதழில் ஜானி கிரெய்க் எழுதி வரைந்த கிறிஸ்துமஸ் இரவுக் கதை. காப்பீட்டுத் தொகையின்பொருட்டு ஒருத்தி கணவனைக் கொல்கிறாள். அவ்விரவே, மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவன் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் திரிவதாக வானொலி அறிவிக்கின்றது. அவன் அவள் வீட்டைச் சூழ்கிறான். காவலரை அழைத்தால் கணவனின் பிணம் அகப்படும். அழையாவிடின் கொலைகாரன் கையில் அவளே அகப்படுவாள். கதவுகளையெல்லாம் அடைத்து முடித்தபோது, அவள் சிறுமகள் கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிட்டார் என்னும் களிப்பில் தானே கதவைத் திறந்து அவனை உள்ளே அழைத்து வருகிறாள். இங்கே பிணம் எழவில்லை, பேய் வரவில்லை. அவள் செய்த கொலையே அவளுக்குரிய காவலைத் தடுத்துவிட்டது. குழந்தையின் மாசற்ற நம்பிக்கையே வாயிலைத் திறந்தது. முன் கட்டங்களில் இயல்பாய் அமைந்த ஒவ்வொன்றும் முடிவிற்குக் காரணமாதலின் இம்முடிவு வலிந்து புகுத்தப்பெற்றதன்று. 1972-இல் இக்கதை திரைப்படத்திலும், 1989-இல் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றமைக்கு இச்செப்பமே காரணமாகலாம்.

இதற்கு மறுதலையாக நிற்பது 1953-இல் ‘தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்’ 19-ஆம் இதழில் ஜாக் டேவிஸ் வரைந்த ‘ஃபவுல் பிளே’ என்னும் கதை. நஞ்சு தடவிய காலணி முட்களால் எதிரணி ஆட்டக்காரனைக் கொன்ற ஒரு பேஸ்பால் ஆட்டக்காரனைப் பிறர் நள்ளிரவில் மைதானத்திற்கு அழைத்துச் சென்று கொன்று, அவன் உடலுறுப்புக்களையே பந்தும் மட்டையும் எல்லைக்கோடுமாகக் கொண்டு ஆடுகின்றனர். கொலைக்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பு ஈண்டுச் சொல்லளவில் நிற்கின்றது. ஆட்டத்தில் கொன்றான், ஆட்டமாகவே ஆக்கப்பெற்றான் என்னும் சிலேடையே கதை. முடிவு எதனையும் அறிவிப்பதின்று. அருவருப்பை மிகுவித்து அமைகின்றது. அச்சமும் இளிவரலும் வேறுவேறு மெய்ப்பாடுகள். முன்னது கெட்டுப் பின்னது மேலோங்கிய இடத்தில் கதைசொல்லியின் நகையும் சேர்ந்துகொண்டால், படிப்போர் பெறுவது அறவுணர்ச்சியன்று. பிறன் துன்பத்தில் பெறும் களிப்பே. தீயவன்தானே என்னும் எண்ணம் அக்களிப்பிற்கு உரிமைச்சீட்டு வழங்கிவிடுகின்றது. ஒறுக்கும் முடிவின் பெருங்குறை இதுவே. அறத்தின் பெயரால் கொடுமையைச் சுவைக்கச் செய்தல் எளிது. அறத்தைச் சுவைக்கச் செய்தல் அரிது.

உணர்த்தும் முடிவு

இரண்டாம் வகை முடிவில் மாறுவது தீயவனின் நிலையன்று, படிப்போரின் அறிவு. தொல்காப்பியச் செய்யுளியலில் ‘நோக்கு’ என ஓர் உறுப்பு கூறப்பெறுகின்றது. செய்யுளின் கூறுகள் அனைத்தையும் கேட்போர் மீட்டும் நோக்கி உணருமாறு செய்யும் கருவி அது. உணர்த்தும் முடிவை அத்தகையதொரு நோக்கு எனலாம். இறுதிக் கட்டத்தைக் கண்டவர் முதற் கட்டத்திற்கு மீளாமல் இரார். மீண்டு படிக்குங்கால் கதை வேறொன்றாகியிருக்கும்.

1952-இல் ‘ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்’ இரண்டாம் இதழில் வந்த ‘தி பேட்ரியட்ஸ்’ (நாட்டுப்பற்றாளர்) இதன் எளிய வடிவம். படையணி ஊர்வலத்தில் கொடி கடந்து செல்கையில் தொப்பியை எடுக்காத ஒருவனைப் பகைவன் எனக் கருதிக் கூட்டம் அடித்துக் கொல்கின்றது. அவன் போரில் கண்ணிழந்த வீரன் என்பது பின்னர்த் தெரிகின்றது. நாட்டுப்பற்றின் பெயரால் கூடிய கூட்டம் நாட்டிற்காகக் கண்ணைக் கொடுத்தவனைக் கொன்றது. எனினும் இக்கதையில் ஓர் இடைவெளி உண்டு. அவன் உண்மையிலேயே மாற்றுக் கொள்கையினனாக இருந்திருப்பின் அக்கொலை தகுமா என்னும் வினாவை முடிவு எழுப்பவில்லை. ‘ஆள் மாறிப்போயிற்று’ என்று இரங்குவதற்கு இடம் தருகின்றது.

1954-இல் அவ்விதழின் 14-ஆம் எண்ணில் வாலஸ் வுட் வரைந்த ‘தி விப்பிங்’ (கசையடி) என்னும் கதைக்கும் இக்குறை உண்டு. மெக்சிக்கோ வழியினனான இளைஞன் ஒருவனைத் தன் மகள் விரும்புதலைப் பொறாத தந்தை, அவ்வினத்தாரை இழிசொற்களால் பழித்து ஊராரைத் திரட்டுகிறான். முகத்தை மறைத்த கூட்டம் இரவில் இளைஞனின் உறைவிடம் புக்கு, இருளில் ஒருவரைப் பற்றி மூடிக் கொணர்ந்து கசையால் அடித்துக் கொல்கின்றது. மூடியதை நீக்கியபோது கிடப்பவள் அத்தந்தையின் மகள். அவள் அவ்விளைஞனை மணந்திருந்தாள். ஈண்டுத் திரை பொருள் பொதிந்தது. முகம் மறைத்துக்கொண்டு பிறர் முகம் நோக்காது அடித்தவர், தம் மகளின் முகத்தையே நோக்க வேண்டியவராயினர். இனப்பகை என்பது முகத்தைக் காணாமை என்னும் கருத்து ஒரு சொல்லும் இன்றிப் படத்தாலேயே நிறுவப்பெறுகின்றது. ஆயினும் படிப்போரின் கண்ணீர் எவர்பொருட்டுச் சிந்தப்பெறுகின்றது? அடிப்பவரின் இனத்தவளாகிய மகளின்பொருட்டே. அவ்விளைஞனே இறந்திருப்பின் அக்கண்ணீர் அதே அளவிற்குப் பெருகுமா என்னும் வினாவைக் கதை கடந்து செல்ல இயலவில்லை.

இக்குறையை முற்ற நீக்கியது 1953-இல் ‘வியர்டு ஃபேன்டசி’ 18-ஆம் இதழில் ஜோ ஒர்லாண்டோ வரைந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’ (தீர்ப்பு நாள்). எந்திர மனிதர் வாழும் சைபிரினியா என்னும் கோளைக் காணப் புவியிலிருந்து டார்ல்ட்டன் என்னும் ஆய்வாளன் வருகிறான். அக்கோள் விண்குடியரசில் சேரத் தகுதி பெற்றுள்ளதா என்று ஆராய்தல் அவன் கடமை. ஆரஞ்சு நிற எந்திரர் தம் நகரையும் தொழிற்சாலையையும் பெருமையொடு காட்டுகின்றனர். நீல நிறத்தவர் எங்கே என்று வினவுகிறான். அவர்க்குத் தனிப்பகுதி, தாழ்ந்த தொழில், பேருந்தில் பின்னிருக்கை. உள்ளுறுப்புக்கள் இருசாரார்க்கும் ஒன்றே. மேலுறையின் நிறம் ஒன்றே வேறு. உங்கள் கோள் இன்னும் தகுதி பெறவில்லை என்று அவன் தீர்ப்பளிக்கிறான். புவியும் ஒருகாலத்தில் இந்நிலையில் இருந்து மீண்டதாதலின் நம்பிக்கை உண்டு என்றும் கூறுகிறான். விண்கலம் புறப்படுகின்றது. இறுதிக் கட்டத்தில் அவன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கறுப்பின மனிதன் ஒருவன் வியர்வைத் துளிகள் ஒளிர அமர்ந்திருக்கிறான்.

இம்முடிவின் சிறப்பினை நுனித்து நோக்குதல் வேண்டும். ஒருவரும் ஒறுக்கப்பெறவில்லை. ஒரு துளி குருதியும் இல்லை. ஆறு பக்கங்களுக்கு மேலாக எந்திரரின் அறியாமையைக் கண்டு உயர்ந்தோராய்த் தம்மை எண்ணிய படிப்போர், தலைக்கவசத்திற்குள் தாம் எந்த நிறத்தை வைத்துப் படித்தோம் என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டியவராகின்றனர். தலைக்கவசமும் ஓர் உறை. எந்திரரின் நிறமும் ஓர் உறை. உறையைக் கண்டு உள்ளதை முடிவு செய்யாதே என்று எந்திரர்க்குக் கூறப்பெற்ற தீர்ப்பு, இறுதிக் கட்டத்தில் படிப்போர்க்குக் கூறப்பெற்ற தீர்ப்பாகின்றது. பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென உச்சநீதிமன்றம் 1954 மே திங்களில் தீர்ப்பளிப்பதற்கு ஓராண்டிற்கு முன்னரும், மாண்ட்கமரி நகரில் 1955 திசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்குவதற்கு ஈராண்டிற்கு மேல் முன்னரும் இக்கதை கடைகளில் விற்கப்பெற்றது.

1955-இல் ‘இம்பாக்ட்’ முதல் இதழில் பெர்னார்டு கிரிக்ஸ்டீன் வரைந்த ‘மாஸ்டர் ரேஸ்’ (ஆண்டான் இனம்) இதனினும் ஒருபடி மேற்சென்றது. ஆறு பக்கங்களுக்கென வகுக்கப்பெற்ற கதையை அவர் வற்புறுத்தி எட்டுப் பக்கங்களாகப் பெற்று, கட்டங்களை வெட்டியும் பிரித்தும் புதுவதாய் அமைத்தார். நியூயார்க் சுரங்க ரயிலில் கார்ல் ரைஸ்மன் என்பான் செல்கிறான். எதிரே கருநிற உடையொடு ஒருவன் வந்து அமர்கிறான். ரைஸ்மன் நடுங்குகிறான். வதைமுகாமின் கொடுமைகள் அவன் நினைவில் விரிகின்றன. ‘நீ’ என்னும் முன்னிலை விளியால் ஈர்க்கப்பெற்ற படிப்போர், அவனை முகாமினின்று தப்பியவன் என்று கருதி இரங்குவர். பிற்பகுதியிலேயே அவன் பெல்சன் முகாமின் தலைவனாய் இருந்தவன் என்பது வெளிப்படுகின்றது. ஓடுகிறான், நடைமேடையில் வழுக்கி வரும் ரயிலின்முன் வீழ்கிறான். அவனை அறிவீரோ என்று வினவினோர்க்கு, முன்பின் அறியாதவன் என்று விடை கூறி அம்மனிதன் நீங்குகிறான்.

இது ஒறுக்கும் முடிவா, உணர்த்தும் முடிவா? ஒறுத்தவர் ஒருவருமிலர், அவன் நெஞ்சமே ஒறுத்தது. வந்தவன் பழிவாங்க வந்தவனா, வழிப்போக்கனா என்பது தெளியப்பெறவில்லை. பிற கதைகளில் இறுதிக் கட்டம் ஒரு முகத்தைத் திறந்துகாட்டும். ஈண்டோ அது ஒரு முகத்தை மூடிவிடுகின்றது. அச்சத்தைக் கண்ட மாத்திரத்தில் அஞ்சுவோன் குற்றமற்றவன் என்று கருதும் நம் இயல்பையே இக்கதை சோதிக்கின்றது. 1975-இல் ஜான் பென்சன், டேவிட் கசகோவ், ஆர்ட் ஸ்பீகல்மன் ஆகிய மூவர் இவ்வெட்டுப் பக்கங்களைக் கட்டங்கட்டமாக ஆராய்ந்து தனிக்கட்டுரை வரைந்தனர்.

முடிவின்றி அளிக்கப்பெற்ற தீர்ப்பு

1954-இல் உளநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்த்தாம், படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்னும் கருத்தை விரித்து நூல் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் நியூயார்க்கில் மேலவையின் இளைஞர் குற்றத் துணைக்குழு கூடியது. அன்று வெர்த்தாமும் அவர்க்குப்பின் கெயின்ஸும் சான்று கூறினர். ‘கசையடி’க் கதையில் இழிசொல் பன்முறை பயின்று வருதலைச் சுட்டி, அஃது இனப்பகை கற்பிப்பது என்றார் வெர்த்தாம். அது இனப்பகையின் தீமையைக் காட்ட எழுதப்பெற்றது, முழுவதையும் கூறாது ஒரு பகுதியைக் காட்டியது முறையன்று என்றார் கெயின்ஸ். ஆனால் அன்றைய நாளின் நினைவில் நின்றது இவ்வாதமன்று. கோடரியும் பெண்ணொருத்தியின் வெட்டுண்ட தலையும் தீட்டிய மேலட்டையைக் காட்டி, இது நற்சுவையா என்று கீஃபாவர் வினவ, அச்ச இதழின் அட்டைக்கு நற்சுவையே என்று கெயின்ஸ் விடையிறுத்ததே நாடெங்கும் பேசப்பெற்றது. கதையின் முடிவு பற்றிய வழக்கு, அட்டைப் படம் பற்றிய வழக்காய்ச் சுருங்கிற்று.

வெர்த்தாமைக் கொடியவர் என்று ஒதுக்குதல் எளிது, அது நடுவுநிலையாகாது. ஹார்லம் பகுதியில் 1946-இல் வறிய கறுப்பின மக்களுக்கென மனநல மருத்துவகம் அமைத்தவர் அவர். பள்ளி நிறவேற்றுமை வழக்குகளுள் டெலவேர் மாநில வழக்கிற்கு அவர்தம் ஆராய்ச்சி துணைநின்றது. அதே வேளையில், தம் நூலில் சிறுவர் கூற்றுக்களை அவர் திரித்தும் கூட்டியும் எழுதினார் என்பதை 2012-இல் கரோல் டில்லி அவர்தம் ஆவணங்களைக் கொண்டே நிறுவினார். அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று மட்டும் இன்றும் விடை வேண்டி நிற்கின்றது. ஆறு பக்கம் இழிசொல்லும் கசையும் நிறைந்திருக்க, ஒரு கட்டம் அவற்றையெல்லாம் மறுத்துவிடுமா? இறுதிவரை படியாத சிறுவன் எதனைக் கொண்டு செல்வான்?

இவ்வினாவிற்கு இக்கதைகளே விடை தருகின்றன என்பது எம் கருத்து. ஒறுக்கும் கதையில் வெர்த்தாமின் ஐயம் பெரும்பாலும் பொருந்தும். ‘ஃபவுல் பிளே’யின் முடிவை நீக்கினாலும் சேர்த்தாலும் சிறுவன் பெறும் உணர்ச்சி மாறாது. உணர்த்தும் கதையில் அவ்வையம் பொருந்தாது. ‘தீர்ப்பு நாள்’ கதையில் இறுதிக் கட்டத்தை மறைத்துப் படித்தாலும் கதையின் அறம் நிற்கின்றது. இறுதிக் கட்டம் அவ்வறத்தை மறுக்காமல் படிப்போர்மேல் திருப்புகின்றது. ‘கசையடி’ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது தன் முடிவையே முற்றும் நம்பி நிற்பது. ஆதலின் முடிவை அகற்றியவர் கையில் அது எளிதிற் சிக்கிற்று. ஒரு கதையின் நடுப்பகுதியும் முடிவும் எத்துணை ஒன்றியுள்ளனவோ அத்துணை அக்கதை பகுதிபகுதியாக எடுத்தாளும் படிப்பினைத் தாங்கும் எனலாம்.

1954 அக்டோபரில் பதிப்பாளர் சங்கம் தனக்குத்தானே ஒரு விதித்தொகுதியை வகுத்துக்கொண்டது. அச்சம், திகில் என்னும் சொற்கள் இதழ்ப் பெயர்களில் வருதல் கூடாது. நடமாடும் பிணங்களும் குருதியுண்ணும் பேய்களும் கூடா. எவ்விடத்தும் நன்மையே வெல்லல் வேண்டும். காவலரையும் நடுவரையும் மதிப்பிழக்கக் காட்டல் கூடாது. கூர்ந்து நோக்கின், ஒறுக்கும் கதைகளுட் பெரும்பாலானவற்றில் தீயவன் தப்பியதில்லை. தீமை வென்றதனால் அக்கதைகள் விலக்கப்பெறவில்லை. தீமையை வென்றது காவல்துறையன்று, கல்லறை என்பதே அவற்றின் பிழையாயிற்று. கெயின்ஸ் அச்ச இதழ்களை நிறுத்தினார். ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ 1955-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 46-ஆம் இதழொடு முடிந்தது.

விதித்தொகுதியின் தன்மையை இறுதியாக வெளிப்படுத்தியது ‘தீர்ப்பு நாள்’ கதையே. 1956-ஆம் ஆண்டின் தொடக்க நாளிட்ட ‘இன்கிரெடிபிள் சயன்ஸ் ஃபிக்ஷன்’ 33-ஆம் இதழில் அதனை மீண்டும் வெளியிட முனைந்தபோது, விதிகளைக் காக்கும் அலுவலராகிய சார்லஸ் மர்ஃபி, பயணியைக் கறுப்பினத்தவனாகக் காட்டல் கூடாது என்று தடுத்தார் எனப் பெல்ட்ஸ்டீன் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். விதிகளுள் எதுவும் அதனைத் தடுக்கவில்லை. கெயின்ஸ் இணங்க மறுத்து, செய்தியை வெளியிடுவேன் என்று எச்சரித்தார். கதை மாற்றமின்றி வெளிவந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட இறுதிப் படக்கதை இதழும் அதுவே. அதன்பின் ‘மேட்’ என்னும் நகைச்சுவை இதழ் ஒன்றே எஞ்சிற்று.

துணிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. எதிர்பாரா முடிவு தன்னளவில் நன்றும் அன்று; தீதும் அன்று. தீயவனை ஒறுத்துக் கதையை மூடிவிடும் முடிவு படிப்போரைத் தீர்ப்பாளராக்கி இன்புறுத்தும்; படிப்போரின் எண்ணத்தையே வெளிப்படுத்தும் முடிவு அவரையும் தீர்ப்பிற்கு உட்படுத்தும். முன்னதற்கு ஆயுள் ஒருமுறைப் படிப்பே. பின்னதோ மீட்டும் மீட்டும் நோக்கச் செய்யும். படம் எதையும் மறைக்க இயலாத கலையாதலின், மறைப்பதற்குக் கதையுலகிற்குள் தேடிய திரையின் தகுதியே கதையின் தகுதியாக முடிந்தது.

மர்ஃபி அகற்ற முயன்றது ஒரு கட்டத்தை அன்று. ஒரு முகத்தின் நிறத்தை மட்டுமே. தலைக்கவசம் கழலும், மனிதன் ஒருவன் இருப்பான், கட்டங்களின் தொகையும் குறையாது. ஆயினும் ஏழு பக்கங்களும் பொருளிழந்திருக்கும். முடிவு கதையின் உறுப்பா, உயிர்நிலையா என்னும் வினாவிற்கு ‘உயிர்நிலை’ என்னும் விடையை அதனை அகற்ற முயன்றவரே அளித்துச் சென்றார். மலிவான தாளில் அச்சாகிய கதைகளையும் இறுதிக் கட்டம் வரை படித்தபின்னரே தீர்ப்புக் கூறுதல் திறனாய்வாளர்க்குக் கடன் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.